ஆளே இல்லாத ஊருக்கு ரெண்டு எம்.பி.

கேள்வி: ஓட்டுக்குக் காசு, பணக்காரனுக்கு சீட்டு, இதெல்லாம் நம்ம ஊரு வியாதி. வெள்ளைக்காரன் சுத்தமான ஒரு பார்லிமென்ட் முறையைக் குடுத்துட்டுப் போனான், நாமதான் நாறடிச்சிட்டோம். ஒத்துக்கறீங்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி ஒத்துக்கறேன். ஓட்டுக்குக் காசு வாங்குறது கேவலம்தான், அதுல நமக்குள்ள சண்டை இல்ல. ஆனா லண்டன்ல எல்லாம் சுத்தபத்தமா நடந்துச்சு, நாமதான் கெடுத்தோம்னு சொல்றதுக்கு முன்னாடி ஓல்ட் சாரம்னு ஒரு தொகுதியோட ஜாதகத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

வில்ட்ஷயர் ஜில்லால சாலிஸ்பரி டவுனுக்கு வடக்க ஒரு மேடு. ஒரு காலத்துல மேல கோட்டை, பெரிய சர்ச்சு, ஜனங்க எல்லாம் இருந்தாங்க. 1220-ல கீழ சமவெளியில புது சர்ச்சு கட்ட ஆரம்பிச்சதும் பாதிரியாருங்க இறங்கிப் போனாங்க, அவங்க பின்னாடியே கடை கண்ணி, குடித்தனம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு, கடைசில மிச்சம் இடிஞ்ச சுவரும் ஆடு மேயற புல்லும்தான். ஆனா 1295-ல பார்லிமென்ட்டுக்கு ஆள் அனுப்பின ஊருங்கற பேரு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. எம்.பி. ஒண்ணு இல்ல சார், ரெண்டு. 1832 வரைக்கும்.

ஆளே இல்லாம யாரு ஓட்டுப் போட்டான்னு கேப்பீங்க. அங்க ஓட்டு ஆளுக்குக் கிடையாது, மனைக்கு. பழைய ஊர்ல இன்னின்ன மனைன்னு கணக்கு உண்டு, அந்த மனை எவன் பேர்ல இருக்கோ அவனுக்கு ஓட்டு, அவன் எந்த ஊர்ல குடியிருந்தாலும் சரி. அப்ப மொத்த மனையையும் ஒருத்தனே வாங்கிட்டா? அதான் நடந்துச்சு. தேர்தல் வந்தா முதலாளி தன் மனைகளை நம்பிக்கையான நாலு பேருக்குப் பத்திரம் எழுதிக் குடுப்பாரு, அவங்க வயல்ல ஒரு மரத்தடியில கூடி அவர் சொன்ன ரெண்டு பேரைத் தேர்ந்தெடுப்பாங்க, அப்புறம் மனை பழையபடி அவர்கிட்டயே திரும்பிடும். நம்ம ஊரு பினாமி எல்லாம் இதுங்கிட்ட டியூஷன் படிக்கணும். 1831-ல மொத்த வாக்காளர் 11 பேரு, ஒருத்தரும் அங்க குடியில்ல. அதே வருஷம் மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் மாதிரி புகை கக்கிட்டு இருந்த பெரிய ஊருங்களுக்குன்னு தனியா ஒரு எம்.பி. கூட கிடையாது.

சரி, அந்த முதலாளி யாரு? இங்கதான் உங்க கேள்விக்கு உண்மையான பதில் இருக்கு. தாமஸ் பிட். கிழக்கிந்திய கம்பெனியோட ஏகபோகத்தை மீறி இந்தியாவுக்குத் திருட்டுத்தனமா கப்பல் விட்டு காசு பாத்த ஆளு, அந்தக் காசு கைல இருந்தப்போ 1691-ல ஓல்ட் சாரம் பண்ணையை சாலிஸ்பரி பிரபுகிட்ட இருந்து வாங்கினாரு, தானே எம்.பி.யும் ஆனாரு. இவரைப் பிடிக்க முடியலன்னு கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா, 1698-ல மெட்ராஸ் கவர்னர் ஆக்கிடுச்சு! 1709 வரைக்கும் ஜார்ஜ் கோட்டையில உக்காந்து ஆண்டாரு. 1708-ல நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உள்பட அஞ்சு கிராமம் கம்பெனி கைக்கு வந்தது இவர் காலத்துலதான். நடுவுல சொந்த வியாபாரமும் நடந்துச்சு. கோல்கொண்டா பக்கத்து வைரம் ஒண்ணை 48,000 வராகனுக்கு (அந்தக் காலத்துத் தங்கக் காசு) வாங்கி, 1717-ல பிரான்சை ஆண்டுட்டிருந்த ஆர்லியன்ஸ் பிரபுவுக்கு 1,35,000 பவுனுக்கு வித்தாரு, இப்ப அது பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல இருக்கு. பேரன் வில்லியம் பிட் 1735-ல பார்லிமென்ட்டுக்குள்ள நுழைஞ்சது தாத்தா வாங்கிப் போட்ட இதே ஓல்ட் சாரம் வழியாத்தான். பின்னாடி பெரிய தலைவரா ஆனப்புறம் இந்த மாதிரி தொகுதிங்கதான் அரசியல் சட்டத்துல அழுகிப்போன பாகம்னு அவரே பேசினாரு, அந்த ஒரு நேர்மைக்காவது மார்க் போடலாம்.

இவரோட மகன் சின்ன பிட் 24 வயசுல பிரதமர் ஆனவரு. 1785-ல இப்படிப்பட்ட 36 ஊருங்களோட சீட்டை ஒழிச்சிடலாம், முதலாளிங்களுக்கு நஷ்ட ஈடா பத்து லட்சம் பவுன் ஒதுக்கலாம்னு மசோதா கொண்டு வந்தாரு. சபை 248-க்கு 174-னு தள்ளிடுச்சு. சீர்திருத்தவாதின்னு உடனே கைதட்டிடாதீங்க. அதே வருஷம்தான் எதிர்க்கட்சி எம்.பி. எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாப் கடனைப் பத்தி எழுந்து இந்த பிட் அரசாங்கத்தைக் கிழிச்சது. விஷயம் என்னன்னா, பால் பென்ஃபீல்டுன்னு மெட்ராஸ் கம்பெனி காண்ட்ராக்டர், நவாபுக்கு வட்டிக்கு விட்டவரு, உங்க தஞ்சாவூர் சீமையோட நெல்லு மேலயே கடன் பாத்தியதை கேட்டவரு. அந்தத் தகராறு முத்தித்தான் நவாப் பிடிச்சு வச்சிருந்த தஞ்சாவூரை அந்த ஊர் ராஜாவுக்குத் திருப்பிக் குடுத்த மெட்ராஸ் கவர்னர் பிகட்டையே 1776-ல சொந்தக் கவுன்சில்காரங்க பிடிச்சு அடைச்சாங்க, அவர் அடுத்த வருஷம் காவல்லயே செத்தும் போனாரு. பென்ஃபீல்டு ஊருக்குப் போயி எம்.பி. ஆயிட்டாரு. தன்னையும் சேத்து எட்டு எம்.பி.யை உண்டாக்கின ஆளுன்னு பர்க் சபையிலயே குத்தினாரு, நவாப் கடனை விசாரணையே இல்லாம கட்டச் சொன்னது இந்தக் கோஷ்டி ஆதரவுக்குக் கைமாறுன்னும் சொன்னாரு. கடன் யாரு கட்டினதுன்னு நான் சொல்ல வேணாம், கர்நாடக சீமை, அதாவது ஆற்காட்டு நவாப் ஆண்ட நம்ம பக்கத்துக் குடியானவன் குடுத்த வரிதான்.

ஓல்ட் சாரத்துக்கு வருவோம். 1802-ல பிட் குடும்பம் அதை 60,000 பவுனுக்கு வித்துடுச்சு. நெலத்து வருமானம் வருஷத்துக்கு 700 பவுன் தாண்டாது, அப்ப மிச்ச விலை எதுக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. வாங்கினது கேலடன் பிரபுவோட அலெக்சாண்டர் குடும்பம், அதுவும் மெட்ராஸ் தொடர்புதான், 1770-லிருந்து 73 வரைக்கும் இங்க கவர்னரா இருந்த ஜோசையாஸ் டு ப்ரே அவங்களுக்கு சம்பந்தி வழி சொந்தம். ஓல்ட் சாரத்தோட கடைசி எம்.பி. ரெண்டு பேருமே அந்த அலெக்சாண்டர் குடும்பத்து ஆளுங்க, அதுல ஒருத்தர் கம்பெனி டைரக்டர். 1832-ல தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்து ஓல்ட் சாரத்தோட சேத்து 56 ஊருங்களோட சீட்டை மொத்தமா பிடுங்குச்சு, நஷ்ட ஈடு நயாபைசா கிடையாது. அதுவும் சும்மா வரல, பிரபுக்கள் சபை 1831-ல மசோதாவைத் தள்ளினதுக்கு பிரிஸ்டல்ல ஊரே எரிஞ்சு, நாட்டிங்காம்ல கோட்டையைக் கொளுத்தி, அப்புறம்தான் வந்துச்சு.

அதுக்கப்புறமாவது காசு நின்னுச்சா? சஃபோக் ஜில்லால சட்பரின்னு ஒரு தொகுதி, 1841-ல டைஸ் சோம்பர்னு ஒருத்தர் ஜெயிச்சாரு. மீரட் பக்கம் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவோட வளர்ப்பு வாரிசு, அந்தப் பார்லிமென்ட்டுக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளிக்காரர். ஓட்டுக்குக் காசு குடுத்தாங்கன்னு அடுத்த வருஷமே பதவி போச்சு, 1844-ல தொகுதியையே கலைச்சிட்டாங்க. ரகசிய ஓட்டு அங்க வந்ததே 1872-லதான். இந்தியன் போயிக் கெடுத்துட்டான்னு உடனே அடுத்த கடுதாசி போட்டுடாதீங்க, குடுத்தது வேணா சர்தானா காசா இருக்கலாம், வாங்கின கை அத்தனையும் சஃபோக் ஜில்லா வெள்ளைக்காரன் கைதான்.