கேளுங்க சொல்றோம்: செத்துப்போன பையன் கதை சொல்லலாமா?

கேள்வி: நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரி இனத்து எழுத்தாளர் பாட்ரிசியா கிரேஸோட 'போட்டிகி' நாவல் படிச்சேன். செத்துப்போன டோகோங்கற பையன் கடைசில பேசுறான். நிஜ வாழ்க்கைக் கதைக்குள்ள மாயத்தைச் சாதாரணமாக் கலந்து சொல்ற மேஜிக்கல் ரியலிசம்தானே இது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அப்படிப் போட்டா புக் விக்கும், அதுக்கு மேல எனக்கு அதுல நம்பிக்கை இல்லங்க. டோகோ எங்கிருந்து பேசுறான்னு பாருங்க, ஊர்ப் பொதுவீட்டோட மரச் செதுக்கலுக்குள்ள இருந்து. மாவோரிக்காரங்களுக்கு அந்த வீடே ஒரு மூதாதையோட உடம்பு, முகட்டு உத்தரம் முதுகெலும்பு, ரெண்டு பக்கமும் இறங்குற சட்டங்க விலா எலும்பு, சுவரோரமா நிக்கிற மர உருவங்க எல்லாம் முன்னோருங்க, கூட்டம் நடந்தா அவங்களும் கூட இருக்கறதாத்தான் கணக்கு. அந்த வரிசைல போய் நின்ன பையன் பேசலைன்னாதான் அதிசயம்! பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி நடந்து வர்ற படுகர் சனம் எப்பவோ வாழ்ந்த தங்களோட பாட்டியைத்தான் கும்பிடுது, பக்கத்துலயே இருக்கற உங்களுக்கு இதை நான் சொல்லணுமா என்ன.

இன்னொண்ணு, மேஜிக் மேஜிக்னு பேசிட்டே இருந்தா அதுல இருக்கற நிலத் தகராறு கண்ணுலயே படாது. கடலோர நிலத்தை டூரிஸ்ட் ரிசார்ட்டுக்குக் கேக்குறானுங்க, ஊரு தரமாட்டேங்குது, அப்புறம் இடுகாட்டுல வெள்ளம் ஏறுது, பொதுவீடு எரியுது. நாவல் வந்தது 1986ல. அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடிதான் ஆக்லாந்துல பாஸ்டியன் பாயிண்ட் நிலத்தை விடமாட்டோம்னு மாவோரி ஆளுங்க 506 நாள் அங்கயே குடியிருந்து போராடி, 1978 மே மாசம் போலீஸ் வந்து இழுத்துட்டுப் போச்சு. இதையெல்லாம் பாத்த சனத்துக்குத்தான் அந்தம்மா எழுதுறாங்க. மலையை வெட்டி காட்டேஜ் கட்டுற ஊர்ல இருந்துக்கிட்டு நமக்கு டோகோ பேசுறது மட்டும் வினோதமாத் தெரியுதுன்னா, என்னத்தச் சொல்ல.

கேள்வி: அடுத்து எந்த மாவோரி நாவல் படிக்கலாம்?
- வாசகர், குன்னூர்

பதில்: விட்டி இஹிமேராவோட 'வேல் ரைடர்', 1987ல வந்தது, சின்ன புக்கு. திமிங்கலத்து மேல ஏறி வந்த பைக்கேயாங்கற மூதாதை கதையை ஃபாங்கரா ஊரு இன்னைக்கும் சொல்லுது, இவர் அதுக்குள்ள ஒரு பொண்ணைக் கொண்டுவந்து தாத்தாவோட மோத விடுறார். 1985ல புக்கர் வாங்குன கெரி ஹ்யூமோட 'போன் பீப்பிள்' பெரிய புக், சின்னப் பையனை அடிக்கிற இடங்க தாங்காது, அதனால அது ரெண்டாவது.