‘நான் கலர் மட்டும்தான் அடித்தேன் மிஸ்’

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஒரு பயிற்சியில், பிள்ளைகள் ஒரு வேலையைச் செய்துகொண்டே பாடம் படிக்கும் செயல்திட்டவழிக் கற்றல் பற்றிக் கேட்டு ஆசையாக வந்து, ‘தண்ணீர் சேமிப்பு’ என்ற தலைப்பில் மூன்று வாரம் ஒரு செயல்திட்டம் நடத்தினேன். 38 பிள்ளைகள், ஆறு குழுக்கள். கடைசி நாளில் சார்ட்டும் மாதிரியுமாக வந்து குவிந்தன. பாதிக்கு மேல் பெற்றோர் செய்து கொடுத்தவை என்று பார்த்ததுமே தெரிந்தது. குழுவுக்கு இரண்டு பேர்தான் வேலை செய்திருந்தார்கள். ஒரு குழந்தையிடம், ‘நீ என்னம்மா செய்தாய்?’ என்றேன். ‘நான் கலர் மட்டும்தான் அடித்தேன் மிஸ்’ என்றாள். போர்ஷன் நின்றுவிட்டது, தேர்விலும் மதிப்பெண் இறங்கிவிட்டது. இந்த முறை எனக்கு ஒத்துவராதா? மறுபடி செய்வதானால் எங்கிருந்து திட்டமிடுவது? எல்லாப் பாடத்தையும் இப்படித்தான் நடத்த வேண்டுமா?
— ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஒன்று. அந்தக் குழந்தையிடம் போய் ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்டீர்களே, அதைக் கேட்கத் தோன்றிய ஆசிரியைக்கு இந்த முறை கட்டாயம் ஒத்துவரும். சார்ட் அழகாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டு நகர்ந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். தவறு உழைப்பில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. ‘தண்ணீர் சேமிப்பு’ என்பது ஒரு தலைப்பு. தலைப்பைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி, அதைப் பற்றி எங்கேயாவது எழுதியிருப்பதை எடுத்து, அழகாக எழுதி ஒட்டுவது. அதை அம்மா அப்பாவும் செய்யலாம், அதனால் செய்தார்கள். பிள்ளைகள் பதில் தேட வேண்டுமானால், கையில் ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கக் கூடாது.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வீணாகிறது? அதைப் பாதியாகக் குறைக்க யார் என்ன செய்ய வேண்டும்?’ இப்படிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் இதற்கு விடை தெரியாது. குழாயடிக்குப் போய் அளந்தால்தான் தெரியும். பெற்றோர் செய்து கொடுக்கும் தொல்லையில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, வேலை எதையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லாம் வகுப்பு நேரத்தில், உங்கள் கண்முன்னே நடக்கட்டும்.

இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், அதன் வழியே பாடமும் படித்தார்கள். அவரிடம் படித்த கில்பாட்ரிக், 1918-இல் எழுதிய கட்டுரையில் செயல்திட்ட முறை என்று அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். அது பள்ளிகளில் வேகமாகப் பரவியது. ஆனால் டூயியே 1938-இல், எல்லா அனுபவமும் ஒரே அளவு கல்வி தராது என்று எழுத வேண்டி வந்தது. கை வேலை செய்வதாலேயே மனசும் வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சரி, எங்கிருந்து திட்டமிடுவது? கடைசியிலிருந்து. ஆனால் ‘கடைசியில் என்ன செய்து காட்டுவார்கள்’ என்று யோசிக்காதீர்கள். ‘கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக என்ன தெரிந்திருக்க வேண்டும்’ என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். நம் குழாய்க் கேள்விக்கு நான் எழுதுவதானால் மில்லிலிட்டரை லிட்டராக மாற்றுவது, பல அளவீடுகளிலிருந்து சராசரி காண்பது, ஒரு முடிவைச் சொல்லி அதற்குச் சான்று காட்டுவது என்று எழுதுவேன். முதல் இரண்டும் எப்படியும் நீங்கள் நடத்தத்தான் போகிறீர்கள். அப்படியானால் செயல்திட்டம் போர்ஷனுக்கு மேல் சுமையாக வராது, போர்ஷனே அதற்குள் நடக்கும். இந்த மூன்றில் ஒன்றையும் தொடாத வேலை எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள். கலர் அடிப்பது முதலில் போகும்.

அடுத்தது, திட்டமிடுகிறவர்கள் அதிகம் விட்டுவிடும் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தச் செயல்திட்டத்தை நீங்களே ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு பள்ளியில் ‘மைதானத்தில் எந்த இடத்து நிழல் அதிகக் குளிர்ச்சி?’ என்று கேட்டு, பிள்ளைகளிடம் வெப்பமானியைக் கொடுத்து அனுப்பினேன். நல்ல கேள்விதான். ஒரு பாடவேளை முழுக்க ஓடி ஓடி அளந்து வந்தார்கள். பார்த்தால் மரத்தடி, சுவரோரம், வெயில் என்று எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பிள்ளைகள் வெப்பமானியின் குமிழைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார்கள். அவர்கள் அளந்தது உள்ளங்கையின் வெப்பத்தை. முந்தின நாள் நானே ஐந்து நிமிடம் வெளியே நின்று அளந்திருந்தால், ‘மேல் முனையில் பிடி, இரண்டு நிமிடம் காத்திரு’ என்ற இரண்டு வரி என் பாடத்திட்டத்தில் ஏறியிருக்கும். அன்று ஒரு சிறுவன் சோர்ந்துபோய், ‘எல்லாம் ஒண்ணுதானா மிஸ்?’ என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

குழாய்க் கணக்கைச் செய்து பார்த்தால் உங்களுக்கும் இப்படிச் சில இடங்கள் தட்டுப்படும். சொட்டும் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை துளி? ஒருமுறை எண்ணினால் 58, மறுமுறை 64, அப்புறம் 61 என்று வரும். ‘எது சரி?’ என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் உங்கள் சராசரிப் பாடம் தொடங்க வேண்டிய இடம். ஒரு துளி எவ்வளவு? ஒற்றைத் துளியை அளக்க முடியாது. நூறு துளியைச் சேர்த்து அளவு உருளையில் பார்த்து நூறால் வகுக்க வேண்டும். நூறு துளிக்கு 20 மில்லிலிட்டர் வந்தது என்று வையுங்கள். விநாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயில் ஒரு நாளைக்கு 86,400 துளி, அதாவது 17 லிட்டருக்கும் மேல். பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டு அந்த எண்ணுக்கு வந்து சேரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். நீங்களாகச் சொன்னால் அது வெறும் எண், அதனால் முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். முதல் பாடவேளையில் சொட்டும் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, ஒரு நாளில் எவ்வளவு சேரும் என்று ஊகிக்கச் சொல்லி, ஒவ்வொருவர் ஊகத்தையும் அவரவர் நோட்டில் எழுத வைத்தால் போதும்.

இனி மதிப்பெண் இறங்கிய விஷயம். செயல்திட்டம் என்றால் ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும், பிள்ளைகளே எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல், புதிதாகக் கற்பவர்களைப் போதிய வழிகாட்டுதல் இல்லாமல் விட்டால் நினைவின் மேல் சுமை ஏறிக் கற்றல் குறைகிறது என்று கடுமையாகவே எழுதினார்கள். பதில் சொன்னவர்களும் உண்டு, நல்ல செயல்திட்டத்தில் வழிகாட்டுதல் நிறையவே இருக்கிறது என்று. இரு தரப்பும் சேரும் இடம் நமக்குப் போதும். நடத்த வேண்டியதை நடத்திவிடுங்கள். 12 பாடவேளை ஒதுக்கினால் அதில் மூன்று நான்கு, கரும்பலகையில் சாக்பீஸ் பிடித்து நடத்தும் சாதாரணப் பாடமாகவே இருக்கட்டும். எப்போது நடத்துவது என்பதில்தான் திறமை இருக்கிறது. 58, 64, 61 வந்து பிள்ளைகள் திணறும் மறுநாள் சராசரியை நடத்தினால், அது அவர்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வந்த பாடம். நடுவில், ஆறாவது பாடவேளை வாக்கில், பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னத் தேர்வும் வையுங்கள். யாருக்கு இன்னும் லிட்டர் மாற்றம் வரவில்லை என்பது கடைசி நாளில் தெரிந்து பயனில்லை.

இப்போது ‘கலர் மட்டும்’ அடித்த அந்தக் குழந்தை. ஆறு குழு என்றால் ஒன்றில் ஆறு ஏழு பேர். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனைகளை 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது. பெரியவர்களே அப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான்கு பேருக்கு மேல் வேண்டாம். 38 பேரை நான்கு பேராக எட்டுக் குழு, மூன்று பேராக இரண்டு குழு என்று பிரிக்கலாம்.

ஆளைக் குறைத்தால் மட்டும் போதாது, வேலையும் பிரிந்திருக்க வேண்டும். ‘நீ எழுது, நீ வரை, நீ பேசு’ என்று பிரித்தால் வரைகிறவள் வரைவதோடு நின்றுவிடுவாள். கேள்வியையே துண்டு போடுங்கள். ஒருத்தி ஒரு துளியின் அளவைக் கண்டுபிடிக்கட்டும். ஒருவன் சொட்டும் குழாய்களில் நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணட்டும். இன்னொருவர் திறந்த குழாயில் பத்து விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்க, நான்காமவர் கை கழுவ வருகிறவர்கள் குழாயைச் சும்மா ஓடவிடும் விநாடிகளைக் குறிக்கட்டும். மூன்று பேர் குழுவில் இந்த நான்காவது வேலையை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். முதல் இரண்டு எண்ணைப் பெருக்கினால் கசிவு தெரியும், பத்து விநாடியில் வந்த தண்ணீரைப் பத்தால் வகுத்து, சும்மா ஓடிய விநாடிகளால் பெருக்கினால் அலட்சியத்தில் போவது தெரியும். ஒருவர் எண் வராவிட்டால் குழுவின் கணக்கு அப்படியே நிற்கும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸில் வகுப்பறைகளுக்காக வகுத்த ‘ஜிக்சா’ முறையின் உயிர் இதுதான்: ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு துண்டு இருக்கும். அந்தக் குழந்தையிடம் துளியின் அளவைக் கொடுத்துப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பையனும் அவளிடம் வந்து, ‘எவ்வளவு வந்தது?’ என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மதிப்பெண்ணும் அப்படியே. நான் 100-க்கு 70-ஐத் தனி நோட்டுக்கும், கடைசியில் ஒவ்வொருவரும் உதவியில்லாமல் எழுதும் ஒரு பக்கத்துக்கும் வைப்பேன். மீதிதான் குழு அறிக்கைக்கு. தினமும் வகுப்பு முடியும் முன் ஐந்து நிமிடம், ‘இன்று எனக்குத் தெரிந்தது என்ன, எங்கே நிற்கிறேன்’ என்று இரண்டு வரி எழுத வையுங்கள். அன்று இரவே அதைப் புரட்டினால் மறுநாள் பாடம் உங்களுக்குத் தானே தெரியும்.

அறிக்கையின் முதல் வரைவு எட்டாவது பாடவேளையில் வந்துவிட வேண்டும். கடைசி நாளில் வருவதைத் திருத்த நேரமில்லை. ஒரு குழுவின் வரைவை இன்னொரு குழு படித்துக் கருத்துச் சொல்லட்டும். ரான் பெர்கர் என்ற அமெரிக்க ஆசிரியர் இதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறார்: சொல்வது அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவ வேண்டும். முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் இப்படித் தோழர்கள் சொல்லச் சொல்ல ஆறு முறை வரைந்த வண்ணத்துப்பூச்சியை அவர் காட்டுவதுண்டு. முதல் படம் சின்னப் பிள்ளைகள் வழக்கமாக வரைவது போல, ஆறாவது அசல் பூச்சி போலவே இருக்கும். ‘நல்லா இருக்கு’ என்பதை உங்கள் வகுப்பில் ஒரு கருத்தாக ஏற்காதீர்கள். ‘மூன்றாவது வரியில் லிட்டரா மில்லிலிட்டரா என்று போடவில்லை’ என்பதுதான் கருத்து.

முடித்த அறிக்கையைச் சுவரில் ஒட்டுவதோடு விடாமல், குழாயைப் பழுது பார்க்க முடிவெடுக்கக்கூடிய ஒருவரை, தலைமையாசிரியரோ பராமரிப்பாளரோ, வகுப்புக்கு அழைத்து உட்கார வையுங்கள். அவர் எதிர்க்கேள்வி கேட்கட்டும். முன்கூட்டியே தேதி வாங்கிவிடுங்கள், இது கடைசி நேரத்தில் தவறிப்போகும் விஷயம்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டுமா? வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும், அதையும் அளக்கவோ ஒப்பிடவோ முடிவெடுக்கவோ இடம் தரும் பாடத்தில் வையுங்கள். பின்னங்களைக் கூட்டுவது போன்றவற்றுக்கு நன்றாக விளக்கிப் பயிற்சி கொடுத்தாலே வரும்.

இந்த வாரமே ஒரு வாளியும் கடிகாரமும் அளவு உருளையும் எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டபின் குழாயடிக்குப் போய் நூறு துளி எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே கணக்கு தவறியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தின் முதல் பக்கம் அதுதான். மீதிப் பக்கங்களை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.