கீமோவுக்கு முன் மருந்தைச் சோதித்துப் பார்க்கலாமா? – கேள்வி பதில்

புதுச்சேரியில் பெத்தாலஜி லேபில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். குடல் புற்றுநோய் பற்றிக் கேளுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குக் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. கட்டித் துண்டை அனுப்பி, எந்த மருந்துக் கூட்டு கேட்கும் என்று பார்த்த பிறகுதான் கீமோ தொடங்க வேண்டுமா?

அதற்காகக் காத்திருக்காதீர்கள், அம்மா. கட்டியின் செல்களைத் தட்டில் உருண்டையாக வளர்ப்பார்கள். ஆர்கனாய்டு என்று பெயர். வளரவே வாரக்கணக்கு ஆகும், சிலருக்கு வளராது. 2018-ல் லண்டன் ஆய்வு ஒன்றில், தட்டில் மருந்துக்கு மசியாத கட்டி நோயாளியின் உடம்பிலும் மசியவில்லை. தட்டில் செத்ததோ சிலரிடம் ஏமாற்றியது. நல்ல ஆராய்ச்சிதான், ஆனால் அப்பாவின் சிகிச்சையை அதை நம்பித் தள்ளிப்போட முடியாது.

இப்போதே கேட்க வேண்டிய கட்டிப் பரிசோதனைகள்: கேராஸ், என்ராஸ் (இரண்டும் சேர்ந்து ராஸ்), பிராஃப் என்ற மரபணுக்கள் மாறியிருக்கின்றனவா, எம்எஸ்ஐ, அதாவது டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா. ராஸ் மாறியிருந்தால் செட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்து பலன் தராது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாறியிருக்கும். எம்எஸ்ஐ அதிகம் என்று வந்தால் கீமோவுக்கு முன்பே இம்யூனோதெரபியை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சையைப் பேசலாம். எல்லாவற்றுக்கும் பயாப்சி பிளாக் (கட்டித் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டி) வேண்டும். பத்திரம்!

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: மைத்துனரின் தட்டு ரிப்போர்ட்டில் பெவாசிசுமாப் 'பலனில்லை'. டாக்டர் அதையே போடுகிறார்!

அந்த மருந்து கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுப்பது. தட்டில் ரத்தக்குழாயே கிடையாது, எதைத் தடுக்கும்?

அதே தம்பி: காசு கட்டி எடுத்த ரிப்போர்ட் பொய்யா?

பொய் இல்லை தம்பி. தட்டில் நடந்ததை எழுதியிருக்கிறார்கள். கேப்சிட்டாபின் என்ற கீமோ மாத்திரையையும் பாருங்கள்: கல்லீரல் வழியாகப் போய் உருமாறினால்தான் அது மருந்து. தட்டில் கல்லீரல் ஏது? டாக்டர் சொல்வது சரி. மைத்துனரைத் தடுக்காதீர்கள்.

வில்லியனூர்: எந்தக் கூட்டு சிறந்தது?

ராஸ் ரிப்போர்ட் வராமல் சொல்ல மாட்டேன்.

பண்ருட்டி: எந்தக் கூட்டு நல்லது, ஐயா?

மேலேயே சொல்லிவிட்டேன். பிளாக் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

முத்தியால்பேட்டை: கேப்சிட்டாபின் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை உண்டா?

நல்ல கேள்வி. டிபிஒய்டி என்ற மரபணுவுக்கான பரிசோதனை. அந்த மரபணுவில் குறை இருந்தால் மருந்து உடம்பில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐரோப்பாவில் 2020 முதல் பரிந்துரைக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

மஞ்சக்குப்பம்: மாமியாருக்கு மார்பகக் கட்டி...

என் அனுபவம் குடலில். அவருடைய டாக்டரிடமே கேளுங்கள்.

கோரிமேடு: பிளாக் என்றால் என்ன?

கட்டைவிரல் அகல மெழுகு, நடுவில் துணுக்குச் சதை. பிளாஸ்டிக் சட்டத்தில் பென்சிலால் எண் இருக்கும். மை என்றால் கரைசலில் அழிந்துவிடும். வாங்கும்போது ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டியில் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும்.