டென்னிஸ் அணிக்குக் கோச் எப்படித் தன்னம்பிக்கை கொடுப்பது? பயிற்சியில் நன்றாக ஆடும் பிள்ளைகள் மேட்சில் நடுங்குகிறார்களே?

நீங்கள் பள்ளி அணிக்குத்தான் கோச் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகள் மேட்சில் நடுங்கினால் நாம் முதலில் செய்வது பேச்சு. பயப்படாதே, உன்னால் முடியும், அது இது என்று. நானும் வருடக்கணக்கில் பேசினேன். நாகர்கோவிலில் பிறந்த நம் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1966-ல் கல்கத்தாவில், நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில் பிரேசில் ஆட்டக்காரரிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நாலாவது செட்டிலும் 2-5 என்று இருந்து, அங்கிருந்து ஜெயித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கோர்ட்டில் இறங்கினால் கை அதே மாதிரிதான் நடுங்கும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு சிமெண்ட் கோர்ட். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து அடிக்கும். வெயில் கண்ணில் படக்கூடாது என்று கோர்ட்டை வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள், அதனால் எந்தக் காற்றும் எங்களுக்குக் குறுக்கேதான் வரும். சர்வ் போடத் தூக்கிய பந்து ஒரு முழம் தள்ளிப் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு போட்டி. இரண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், எல்லாம் ஒரே செட். சிங்கிள்ஸில் ஆளுக்கு ஒன்று. டபுள்ஸில் நாங்கள் 5-4, 40-15, எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் சர்வ். இரண்டு மேட்ச் பாயிண்ட், அதில் ஒன்றை எடுத்தாலே ஜெயித்துவிடலாம். இரண்டும் டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பாயிண்டுக்குக் கிடைக்கிற இரண்டு சர்வும் தப்பாகிப் பாயிண்ட் எதிராளிக்குப் போனது. இரண்டாவதற்கு நான் தலையில் கை வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, கை வைத்தேன், அவ்வளவுதான். அவள் பந்து போன இடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த கேமில் அப்புறம் ஒரு சர்வ்கூட உள்ளே விழவில்லை. 5-5. மிச்ச இரண்டு கேமும் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "மாஷே, நான் டீம்ல இருந்து நின்னுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. அதே பஸ்ஸில், பிள்ளைகள் அழுத கண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது, ராக்கெட் பைக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் எடு என்று கண்டக்டர் சண்டை போட்டார். மடியில் வைத்திருக்கிற பைக்கு என்ன லக்கேஜ்? அதே வண்டியில் வாழைத்தார் சும்மா ஏறுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள், கைக்காசு போட்டு ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள். இதைக் கேட்க யாரும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி யோசித்தபோதுதான் புரிந்தது: அவளுக்குத் தைரியம் இல்லாமல் இல்லை, நம்பிப் போட ஒரு இரண்டாவது சர்வ் இல்லை. அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. முதல் சர்வையே மெதுவாகத் தட்டச் சொல்லி விட்டிருந்தேன்.

அதிலிருந்து மாற்றினோம். ராக்கெட்டைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடித்து, பந்தை அதிகம் தூக்காமல், பக்கவாட்டில் சீவிப் போடும் சர்வ். நெட் ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்று அடிதான், அதனால் நடு வழியாகப் போடு. இன்னொன்று, பல பிள்ளைகளுக்குத் தெரியாதது: தூக்கிய பந்து சரியில்லை என்றால் ராக்கெட்டை வீசாமல் கையில் பிடித்துக்கொள்ளலாம், ஃபால்ட் ஆகாது. காற்று ஊரில் இது தெரியாமல் ஆடுவது பெரிய பாவம்.

பயிற்சியின் கடைசி அரை மணி நேரம் எல்லாருக்கும் ஒரே ஒரு சர்வ்தான், கேம் 30-40-ல் தொடங்கும், ஒரு பாயிண்ட் விட்டால் கேம் போச்சு, மற்றவர்கள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். காற்று பலமாக இருக்கிற நாளில் கட்டாயம் உண்டு. நான் பெஞ்சில் கையை மடியில் வைத்து உட்காருவேன். நான் தலையில் கை வைத்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓடுவேன் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். இரண்டு தடவை ஓடியும் இருக்கிறேன்.

குழந்தைகளைக் கத்தவிட்டு மிரட்டுகிறீர்களே என்று இங்கே சிலர் வருவார்கள். கத்துகிறவனுக்கும் அடுத்த முறை அதே 30-40 தான், யாரையும் தனியாக நிறுத்துவதில்லை. கோச்சுகள் படிக்கிற பாட்டியாலா டிப்ளமோ என்னிடம் கிடையாது, நான் பி.டி. மாஷ், அதாவது உடற்பயிற்சி ஆசிரியர். தினமும் நாலு மணி நேரம் ஆடுகிற அகாடமிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை, வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் கிடைக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் அதே போட்டியில் அந்தப் பெண் 4-5-ல் சர்வ் போட்டாள். மூன்று தடவை தூக்கிப் பிடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாலாவது தடவையும் பிடித்தாள். அப்புறம் போட்டாள், உள்ளே விழுந்தது. சிங்கிள்ஸ் இரண்டும் தோற்று வெளியே வந்துவிட்டோம், ஆனால் அந்த டபுள்ஸ் எங்களுடையது.

உங்கள் பிள்ளைகள் எந்த அடியில் நடுங்குகிறார்கள் என்று ஒரு மேட்ச் முழுக்க நோட்டில் குறித்துப் பாருங்கள். சர்வ்தான் என்றால் கீழே எழுதுங்கள், பந்தை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.