எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்துப் பெண்களின் பூவேலைத் தொப்பி எப்படித் தைக்கப்பட்டது?

நீங்கள் கேட்பது ‘கோய்ஃப்’ பற்றி. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெண்கள் தலைமுடியை மூடி அணிந்த லினன் தொப்பி அது. வெளியே போகும்போது அதன்மேல் இன்னொரு தொப்பியும் வைப்பதுண்டு.

அதன் தையல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரும்பாலும் ஒரே துணித்துண்டு. முதலில் துணியில் மையால் சுருள் கொடிகளை வரைவார்கள். ரோஜா, ஸ்ட்ராபெரி, பறவை, பூச்சி எல்லாம் அதில் வரும். துணி தட்டையாக இருக்கும்போதே பூவேலையை முடித்துவிடுவார்கள். அப்புறம் மடித்து உச்சியில் ஒரு தையல், பின்பக்கம் கொஞ்சம் சுருக்கம். கழுத்தோரம் கயிறு கோத்து இழுத்தால் தலையில் கச்சிதமாக உட்காரும்.

வெள்ளை லினனில் கறுப்புப் பட்டு நூல் வேலை மிகவும் பிரபலம். வசதியானவர்கள் வண்ணப் பட்டும் பொன்முலாம் பூசிய வெள்ளி இழையும் சேர்த்தார்கள். வருத்தம் என்னவென்றால், கறுப்புச் சாயத்திலிருந்த இரும்பு அந்தப் பட்டு நூலையே அரித்துவிடுகிறது. சிலவற்றில் பூ இருந்த இடத்தில் ஊசித் துளைகளும் மைக்கோடும்தான் மிச்சம்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவை பல உள்ளன. தையல் பிரிக்கப்பட்டுத் தட்டையாகக் கிடப்பவற்றைத் தொப்பி என்று கண்டுகொள்வதே கடினம்.