மூன்று ஆண்டுக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். மாசு கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை (தொழில் நடத்த வாரியம் தரும் அனுமதி) முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன; புதுப்பிக்கவில்லை. அதே தெருவில் இசைவாணையே வாங்காத இரண்டு பட்டறைகள் ஓடுகின்றன. ஆனால் வரப்புத் தகராறில் பகையான பக்கத்துத் தோட்டக்காரர் புகார் கொடுக்க, ஆய்வுக்கு வந்துவிட்டு எனக்கு மட்டும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். 22 குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன. "மூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூட நிறுத்தாமல் ஓட்டுகிறேன், யாருக்கும் கெடுதல் இல்லை" என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கிழித்துப் போடுங்கள்.

அடுத்த பட்டறையை விட்டுவிட்டார்கள், என்னையும் விடுங்கள் என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு தவற்றில் சமத்துவம் தருவதில்லை. தோட்டக்காரரின் உள்நோக்கத்தைச் சொல்வதும் அப்படித்தான், எடுபடாது. ஆய்வு நடந்த அன்று இசைவாணை இருந்ததா? இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மீறப்பட்டுவிட்டது.

மீதி இருப்பது வாரியத்தின் விருப்புரிமை. 33ஏ பிரிவில் மூடச் சொல்லி மின் இணைப்பைத் துண்டிக்கலாம்; 44-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம், அதில் தண்டனை ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை; சுற்றுச்சூழல் பாதிப்புக்கு இழப்பீடும் கேட்கலாம். இழப்பீடு கேட்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லை என்ற பழைய வாதத்தை நம்பாதீர்கள். அந்த அதிகாரம் உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிய விதிகள் வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஓட்டையை மட்டும் நம்பி வழக்காடுவது உங்கள் அளவுத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது.

வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழி வேறு. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இழப்பீட்டுச் சூத்திரப்படி, சிவப்புப் பிரிவில் (அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள்) உள்ள சிறு தொழிலுக்குச் சிற்றூரில் நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 ரூபாய் வரும். அதை எத்தனை நாளால் பெருக்குவது? மீறல் கண்டறியப்பட்ட நாளிலிருந்து, சரிசெய்யப்பட்டதை வாரியம் உறுதிசெய்யும் நாள் வரை என்று வாதிட அந்தச் சூத்திரத்திலேயே இடம் இருக்கிறது. 40 நாள் என்றால் நான்கு லட்சம். நீங்கள் பெருமையாக எழுதிய மூன்று ஆண்டு என்றால் 1,095 நாள். ஒரு கோடியே ஒன்பதரை லட்சம். அதிகாரி கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே கையெழுத்திட்டுத் தருகிறீர்கள்.

இதற்கு நேர்மாறான முட்டாள்தனத்தையும் பார்த்திருக்கிறேன். "பட்டறை ஓடவே இல்லை" என்று ஒருவர் எழுதினார். மின்கட்டண அட்டையை எடுத்து வைத்தார்கள். அதன்பின் அவர் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை. இணைப்பைத் துண்டித்த பிறகு இரவில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய இன்னொருவருக்கு நானே வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்றே இயந்திரங்களை நிறுத்துங்கள். மீட்டர் அளவைக் குறிப்பிட்டு, நிறுத்திய தேதியை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். இசைவாணைக்கு விண்ணப்பியுங்கள். நோட்டீஸ் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்டதில் பொய் வேண்டாம். ஆய்வு நாளிலிருந்து கணக்கிட்டு ஒரு தொகை கேட்டால், பேரம் பேசாமல் கட்டிவிடுங்கள். கட்டியதாலேயே 44-ஆவது பிரிவு வழக்கு வராது என்று நினைக்க வேண்டாம். ஆனால் கட்டியவர் மீது வழக்குப் போட வாரியம் அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை.

தோட்டக்காரரிடம் நீங்களே போங்கள், வரப்பை விட்டுக்கொடுத்தாவது. அவர் புகாரைத் திரும்பப் பெற்றாலும் நோட்டீஸ் சாகாது. ஆனால் அவர் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால், கூட்டுக் குழு வரும், அவர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கும். "மூன்று ஆண்டு என்ன செய்தீர்கள்" என்று வாரியத்தையே கேட்பார்கள். அப்போது தன்னைக் காத்துக்கொள்ள நினைக்கும் அதிகாரி உங்கள் நாள் கணக்கில் ஒரு நாளைக்கூடக் குறைக்க மாட்டார்.

நோட்டீஸில் எத்தனை நாள் கெடு என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.