இலவசமாகத் தூர்வாருகிறேன் என்பவருக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளாகவே கண்மாய் நிரம்புவதில்லை. செலவில்லாமல் தூர்வாரித் தருவதாகவும் மண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் ஒருவர் சொல்கிறார். அனுமதிக்காக விவசாயிகளின் சிட்டா நகலும் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள்.

வயலுக்கு வண்டலோ களிமண்ணோ அள்ள விவசாயிக்குக் கட்டணம் இல்லை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். அந்தச் சலுகை உங்கள் சிட்டாவுக்கு உரியது. அவருக்கு வேண்டியதும் அதுதான். அனுமதி உங்கள் பெயரில் இருக்கும், மண் செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் போகும். டிப்பர் பிடிபட்டால் தாலுகா அலுவலகத்தில் நிற்கப்போவது நீங்கள். சவுடு (மணல் கலந்த சாதாரண மண்) என்ற பெயரில் மணல் அள்ளுவதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பலமுறை கண்டித்தும் நின்றபாடில்லை.

அவர் எங்கே தோண்டுவார் என்பதும் முக்கியம். கரையடியில் தோண்டினால் கரை பலமிழக்கும். மடையின் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மடைவழியாக வயலுக்கு வராது. களிப்படுகையைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் தேங்கிய தண்ணீரும் மண்ணுக்குள் வடிந்துவிடும்.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். மேடிட்ட கண்மாயின் கொள்ளளவு குறைவு, ஆகவே அது சீக்கிரம் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் கோளாறு உள்வாயில் (தண்ணீர் தேங்கும் பரப்பில்) இல்லை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கிறது. வைகைப் படுகையின் கண்மாய்கள் பெரும்பாலும் சங்கிலியாக அமைந்தவை. மேல ஊர்க் கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் உங்களுக்குத் தண்ணீர். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் புலப்படமும் (சர்வே எண் வாரியான அளவுப் படம்) வாங்குங்கள். மேல ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அந்தக் கலுங்கு வரை கால்வாயில் நடந்து பாருங்கள். மணல் மூட்டையோ சிமென்ட்டோ வைத்துக் கலுங்கை உயர்த்தியிருக்கிறார்களா? சண்டையாக்க வேண்டாம். உயர்த்தினால் அவர்கள் உள்வாய்ப் பட்டா நிலமும் முழுகும், கரையும் உடையக்கூடும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆக்கிரமிப்பு என்றால், எல்லோரும் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்வார்கள். அது பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த கண்மாய்களுக்கானது. அவை இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. பொதுவாக நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. உங்களுடையது அந்த வகை என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வருவாய்த் துறையிடம்தான் போக வேண்டும். எந்த வகை என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாய்க்காலுக்கு மூன்று அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும், அதற்குள் ஐப்பசி மழை வந்து போய்விடும்.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊரும் மேல ஊரும் வரத்துக்காலை அளந்து கல் நட வேண்டும் என்று ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். சர்வேயர் வரும் நாளில் இரண்டு ஊர்க்காரர்களும் கூட நில்லுங்கள். நட்ட ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து வையுங்கள். கல் நட்ட பிறகு பொக்லைனைக் கூப்பிடலாம், அதுவும் வரத்துக்காலுக்கு மட்டும்.